வெள்ளியைக் கையில் வாங்கி வைக்க: நாணயமா, கட்டியா, பழைய காசா?

"மாதாமாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கி வெள்ளி சேர்க்கலாம் என்றிருக்கிறேன். கணக்கில் எண்ணாக இல்லாமல், கையில் எடுத்துப் பார்க்கிற வெள்ளியாகவே வேண்டும். நாணயம், கட்டி, நகை, பழைய காசு என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. எதை வாங்குவது?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு நாணயச்சாலைகள் வெளியிடும் ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) நாணயங்கள், அவற்றோடு பெயர்பெற்ற சுத்திகரிப்பு ஆலைகளின் 10 அவுன்ஸ் முதல் ஒரு கிலோ வரையிலான கட்டிகள். சேமிப்புக்காக வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டும் போதும். ஏன் இவை, மற்றவை ஏன் வேண்டாம் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன். காரணம் புரிந்துவிட்டால் கடையில் புதிதாக எதைக் காட்டினாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

வெள்ளிக்கு ஸ்பாட் விலை என்று ஒன்று உண்டு. பெரிய சந்தையில் உலோகத்துக்கு மட்டும் ஓடுகிற விலை அது. அந்த விலைக்கு நமக்கு யாரும் ஒரு நாணயத்தைத் தர மாட்டார்கள். அச்சடித்த கூலி, போக்குவரத்து, கடைக்காரரின் லாபம் எல்லாம் சேர்ந்து மேலே ஒரு தொகை ஏறும். அதைத்தான் பிரீமியம் என்கிறார்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்தப் பிரீமியத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அது சரிதான். ஆனால் திரும்ப விற்கும்போது கடைக்காரர் என்ன தருவார் என்று அதே அக்கறையோடு விசாரிப்பவர்கள் குறைவு. உங்கள் கையைக் கடிப்பது இந்த இரண்டு விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான்.

புரிவதற்காக நானாக வைத்துக்கொள்ளும் எண்களில் ஒரு கணக்கு போடுவோம். ஸ்பாட் விலை 100. ஒரு அரசு நாணயத்தை 118-க்கு விற்கிறார்கள், திரும்ப 103-க்கு எடுக்கிறார்கள். ஒரு கிலோ கட்டி அதே அளவு வெள்ளிக்கு 107, திரும்ப எடுப்பது 98. அழகான பெட்டியில் வரும் நினைவு நாணயம் 180, திரும்ப எடுப்பது 105. போட்ட பணம் திரும்புவதற்கு மட்டும் ஸ்பாட் விலை கட்டிக்கு சுமார் 9 சதவீதமும், நாணயத்துக்கு சுமார் 15 சதவீதமும் ஏற வேண்டும். நினைவு நாணயத்துக்கு 70 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டும். எந்த வடிவத்தை யார் சிபாரிசு செய்தாலும் இந்தக் கணக்கை அன்றைய உண்மையான எண்களோடு போட்டுப் பாருங்கள்.

தங்கத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கடுமையாக இல்லை. ஒரு அவுன்ஸ் தங்க நாணயத்தை அச்சடிப்பதற்கும் ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்தை அச்சடிப்பதற்கும் ஆகும் வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் உலோகத்தின் மதிப்பு மலைக்கும் மடுவுக்கும். அதனால் அதே கூலி வெள்ளியில் பெரிய சதவீதமாகத் தெரிகிறது. ஒரு கிராம், ஐந்து கிராம் என்று சின்னச் சின்ன வெள்ளித் துண்டுகளை நான் வேண்டாம் என்று சொல்வதற்கும் இதே காரணம்தான். அவற்றில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அட்டைக்கும் அச்சுக்கும் போகிறது. மாதாமாதம் ஒதுக்கும் தொகை சிறியது என்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று மாதம் பணமாகவே சேர்த்து, அப்புறம் முழு அவுன்ஸாக வாங்குங்கள்.

சரி, நாணயங்களுக்கு வருவோம். உலகம் முழுக்கக் கைமாறுகிற ஒரு அவுன்ஸ் நாணயங்கள் ஒரு கைக்குள் அடங்கும். அமெரிக்காவின் ஈகிள் 1986 முதல் வருகிறது. கனடாவின் மேப்பிள் லீஃப் 1988 முதல், ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக் 2008 முதல். பிரிட்டனின் பிரிட்டானியா வெள்ளியில் 1997 முதல் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் தங்கத்தில் பழையது, வெள்ளியில் 2017-இல்தான் வந்தது. ஆஸ்திரேலியாவின் கங்காருவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இவற்றில் எது உங்களுக்குக் குறைந்த இடைவெளியில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். ஈகிளுக்கு அமெரிக்காவில் தனி மவுசு உண்டு, அதற்கேற்ற பிரீமியமும் உண்டு. அந்த நாட்டுக்கு வெளியே விற்கப் போகிறவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கக் காரணமில்லை.

மேப்பிள் லீஃப் 9999 சுத்தம் (பத்தாயிரத்தில் 9,999 பங்கு வெள்ளி), மற்ற பல நாணயங்கள் 999 (ஆயிரத்தில் 999 பங்கு) என்று ஒரு வேறுபாட்டைப் பெரிதாகச் சொல்வார்கள். கிலோவுக்கு ஒரு கிராம்கூட வராத வித்தியாசம் அது. கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கவனிக்க வேண்டிய வேறு சில விவரங்கள் இருக்கின்றன. பிரிட்டானியா 2012 வரை 958 தரத்தில் வந்தது, 2013-இல்தான் 999 ஆனது. பழையதிலும் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி இருக்கிறது, மொத்த எடைதான் சற்று அதிகம். அதனால் தராசில் வைத்துவிட்டுப் போலி என்று பயப்பட வேண்டாம். சீனாவின் பாண்டா நாணயம் 2016 முதல் 30 கிராம்தான், அவுன்ஸ் இல்லை. பக்கத்தில் வைத்து விலையை ஒப்பிடும்போது கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால்தான் சரியாக வரும். இங்கே அவுன்ஸ் என்பது எப்போதும் டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். கடைச் சாமான்களின் அவுன்ஸான 28.35 கிராமோடு குழப்பிக்கொண்டால் பத்து சதவீதத்துக்கு அருகில் ஏமாந்துவிடுவீர்கள்.

இந்த நாணயங்களில் போட்டிருக்கும் முகமதிப்பு பெயருக்குத்தான். ஈகிளில் 1 டாலர், மேப்பிளில் 5 டாலர், ஃபில்ஹார்மோனிக்கில் ஒன்றரை யூரோ. ஆனால் சட்டபூர்வ நாணயம் என்ற அந்தஸ்து சில இடங்களில் வரியில் உதவுகிறது. பிரிட்டனில் பிரிட்டானியாவை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, கட்டிக்கு உண்டு. அதே பிரிட்டனில் முதலீட்டுத் தங்கத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை, வெள்ளி நாணயத்துக்கும் கட்டிக்கும் 20 சதவீதம் உண்டு. அமெரிக்காவிலோ நீண்டகால லாபத்தைச் சேகரிப்புப் பொருளாகக் கருதி 28 சதவீதம் வரை வரி போடுகிறார்கள். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் நாட்டு வரி விதியைப் படித்துவிடுங்கள். பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வரி ஒரே வாயில் விழுங்கிவிடும்.

அரசு நாணயத்தின் உண்மையான பலம், பார்த்தவுடன் அடையாளம் தெரிவதுதான். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத வியாபாரியிடம் நீட்டினாலும் அது என்ன, அதில் எவ்வளவு வெள்ளி என்று அவர் கேட்க வேண்டியதில்லை. போலிக்கு எதிரான வேலைப்பாடுகளும் கூடிக்கொண்டே வருகின்றன. மேப்பிளில் 2014 முதல் நுண்ணிய கதிர்க்கோடுகளும், பூதக்கண்ணாடியில் தெரிகிற சின்ன இலைக்குள் ஆண்டு எண்ணும் இருக்கின்றன. ஈகிளின் புதிய வடிவத்தில் 2021 முதல் விளிம்புக் கீறல்களில் ஓரிடத்தில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள். பிரிட்டானியாவில் அதே ஆண்டு முதல் சாய்த்துப் பார்த்தால் மாறுகிற படம் வந்தது. முடிந்தவரை நாணயச்சாலை நாணயங்களை அடுக்கி அனுப்பும் பிளாஸ்டிக் குழாயோடு வாங்குங்கள். ஈகிளும் ஃபில்ஹார்மோனிக்கும் குழாய்க்கு 20, மேப்பிளும் பிரிட்டானியாவும் 25. விற்கும்போது குழாயாகக் கொடுத்தால் பேச்சும் குறைவு, பரிசோதனையும் குறைவு.

தனியார் ஆலைகள் நாணயம் போலவே அச்சடிக்கும் வட்டத் தகடுகளும் உண்டு, ரவுண்ட் என்பார்கள். வெள்ளி வெள்ளிதான், பிரீமியமும் குறைவு. ஆனால் அடையாளம் தெரியாத சின்னம் இருந்தால் விற்கும்போது விலையை இறக்கிக் கேட்பார்கள். நாணயத்துக்கும் இதற்கும் விலை வித்தியாசம் நிஜமாகவே பெரிதாக இருக்கிற காலத்தில் மட்டும் யோசியுங்கள்.

கட்டிகளில் ஒரு அவுன்ஸ் அளவை விட்டுவிடுங்கள், அந்த அளவுக்கு நாணயமே மேல். 10 அவுன்ஸ் என்பது 311 கிராம், சட்டைப் பைக்குள் போய்விடும். கிலோ கட்டி 32.15 அவுன்ஸ். 100 அவுன்ஸ் கட்டி மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அளவு கூடக் கூட கிராமுக்கான பிரீமியம் இறங்கும். கூடவே விற்கும் சுதந்திரமும் இறங்கும். கட்டியில் பாதியை விற்க முடியாது. அறுத்தால் முத்திரையும் வரிசை எண்ணும் போய், வெறும் உலோகத்துண்டாக, உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைக்குத்தான் போகும். இதற்கு நான் சொல்கிற அளவுகோல் ஒன்று உண்டு: உங்களிடம் இருக்கும் மொத்த வெள்ளியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே துண்டில் இருக்க வேண்டாம். இப்படிப் பார்த்தால் முதல் சில குழாய்கள் வரை நாணயம் மட்டுமே வாங்குவீர்கள். அப்புறம் 10 அவுன்ஸ் கட்டி, கையிருப்பு பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும்போது கிலோ கட்டி என்று அதுவாகவே படிப்படியாக வரும்.

பெயரைப் பொறுத்தவரை பாம்ப், வால்காம்பி, ஹெரேயஸ், யுமிகோர், பெர்த் மின்ட், ராயல் கனேடியன் மின்ட் போன்றவற்றை எங்கும் ஏற்பார்கள். ஜான்சன் மேத்தி, எங்கல்ஹார்ட் என்ற பழைய பெயர்களும் சந்தையில் சுற்றுகின்றன. ஜான்சன் மேத்தியின் வட அமெரிக்க தங்க-வெள்ளி சுத்திகரிப்பு ஆலைகளை 2015-இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் வாங்கிவிட்டது. இந்தப் பழைய கட்டிகளைச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருகிறார்கள், அதனாலேயே போலி செய்பவர்களின் கண்ணும் அவற்றின் மேல் இருக்கிறது. உலோகத்துக்காக வாங்குகிற உங்களுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

லண்டன் சந்தையில் புழங்கும் பெரிய கட்டிகளைப் பற்றியும் சிலர் ஆசையோடு கேட்பார்கள். 750 முதல் 1,100 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 23 முதல் 34 கிலோ எடை. கிராமுக்கு இதைவிட மலிவாக வெள்ளி கிடைக்காது. ஆனால் அந்த மலிவு, கட்டி அங்கீகரிக்கப்பட்ட பெட்டகங்களுக்குள்ளேயே கைமாறும் வரைதான். ஒருமுறை வெளியே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், திரும்ப அதே சந்தையில் சேர்க்க மறுபரிசோதனை கேட்பார்கள். தனிமனிதர் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளே இல்லை அது.

பழைய புழக்கக் காசுகள் எனக்குப் பிடித்தமானவை. ஆனால் ஊருக்கு ஊர் பதில் மாறும். அமெரிக்காவில் 1964 வரையிலான பத்து, இருபத்தைந்து, ஐம்பது சென்ட் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. புதிதாக இருந்தபோது முகமதிப்பு ஒரு டாலருக்கு 0.7234 அவுன்ஸ் வெள்ளி. தேய்மானத்தைக் கழித்து 0.715 என்று வியாபாரத்தில் கணக்கிடுகிறார்கள். பிரிட்டனில் 1920-க்கு முன் 92.5 சதவீதம், பிறகு 1946 வரை பாதி. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-இல் அதிலும் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. சின்னச் சின்ன அளவில் விற்கலாம், சில காலங்களில் ஸ்பாட் விலைக்கு மிக அருகில் கிடைக்கும், உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த காசு. இவ்வளவும் நன்மை. ஆனால் அந்தந்த நாட்டுக்கு வெளியே அந்தக் காசைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆண்டைப் பார்த்துத் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலரான மார்கன் டாலர் போன்ற பெரிய காசுகளில் போலிகள் ஏராளம். எடைக்கு விற்கும் சாதாரணக் காசுகளை மட்டும் வாங்குங்கள். அபூர்வமானது என்று சொல்லி விலை கூட்டினால் அது நாணயச் சேகரிப்பு என்ற தனித் துறை, அதைத் தனியாகப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

நகையும் பாத்திரமும் அணிவதற்கும் பயன்படுத்துவதற்கும் வாங்குங்கள், சேமிப்பு என்று கணக்கு வைக்காதீர்கள். செய்கூலி கடையை விட்டு இறங்கியதுமே போய்விடும். ஸ்டெர்லிங் என்றால் 92.5 சதவீதம், மீதி பெரும்பாலும் செம்பு. எடையை நம்பியும் வாங்க முடியாது. மெழுகுவர்த்தித் தாங்கிகளுக்குள் கனத்துக்காகத் தார் போன்ற கீலோ, சிமென்டோ நிரப்பியிருப்பார்கள். வெள்ளிக் கத்திகளில் பிடி மட்டும்தான் மெல்லிய வெள்ளித் தகடு, அலகு எஃகு. ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளி துளியும் இல்லை, அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. மேலே வெள்ளி முலாம் பூசியதை உருக்கினாலும் பேர் சொல்ல ஒன்றும் கிடைக்காது. பழைய பாத்திரங்களை, உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைக்குக் கீழே பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுடைய பல வருட அனுபவம்.

வண்ணம் பூசியவை, பளபளக்கும் புரூஃப் நாணயங்கள், "குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே" என்று விளம்பரம் செய்பவை, தரச்சான்று போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்தவை. இவற்றைச் சேமிப்புக்கு வாங்காதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிடித்திருந்தால் ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள்.

இனி போலியைப் பற்றி. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொரு புது வாங்கலிலும் செய்யுங்கள். முதலில் எடையும் அளவும். ஈகிள் 31.1 கிராம், விட்டம் 40.6 மில்லிமீட்டர். ஃபில்ஹார்மோனிக்கின் விட்டம் 37 மில்லிமீட்டர். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசும் ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும். செம்பாலோ பித்தளையாலோ செய்த போலி, எடையைச் சரியாக வைத்தால் தடிமன் கூடிவிடும், தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறைந்துவிடும். வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பு 8.96, ஈயம் 11.34. அடர்த்தியை நேரடியாகவே அளக்கலாம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன அளவு. ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு அது 2.97 அருகில் வர வேண்டும்.

ஈயத்தோடு இலேசான உலோகத்தைக் கலந்து இந்த எண்ணை ஏமாற்றலாம். அப்போது காது உதவும். விரல் நுனியில் நாணயத்தை நிறுத்தி இன்னொரு நாணயத்தால் லேசாகத் தட்டினால் வெள்ளி நீளமாக மணி போல ஒலிக்கும், ஈயக் கலவை மொட்டையாக அடங்கிவிடும். வெள்ளியைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் வலுவான நியோடிமியம் காந்தத்தைச் சாய்ந்த வெள்ளிக் கட்டியின் மேல் விட்டால் சறுக்காமல் மெதுவாக இறங்கும். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால், நகரும் காந்தம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதுவே காந்தத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. செம்பும் நல்ல கடத்தி என்பதால் இந்தச் சோதனையில் அதுவும் தேறிவிடும். ஆகவே ஒரு சோதனையோடு நிறுத்தாமல் மூன்று நான்கைச் சேர்த்துச் செய்ய வேண்டும். கடைகளில் எக்ஸ்-கதிர் கருவி வைத்திருப்பார்கள். அது மேற்பரப்பைத்தான் படிக்கும், கனமான முலாமுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. கிலோ கட்டிகளுக்கு உட்புறம் வரை மின் கடத்தலை அளக்கிற கருவியோ, ஒலியலை அளவீடோ கேளுங்கள்.

வைப்பதற்கான இடத்தையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். தங்கம் வெள்ளியைப் போல் 80 மடங்கு விலை என்று வைத்துக்கொண்டால், ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு ஈடாக இரண்டரை கிலோ வெள்ளி வரும். அடர்த்தியும் குறைவு என்பதால் இடம் ஏறத்தாழ 147 மடங்கு பிடிக்கும். நாணயச்சாலைகள் அனுப்பும் 500 நாணயப் பெட்டி பதினைந்தரை கிலோ. வங்கி லாக்கரில் வைப்பதென்றால் உள்ளே இருப்பதற்கு வங்கியே காப்பீடு செய்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டிலும் உலோகத்துக்குத் தனி வரம்பு இருக்கும். தனியார் பெட்டகம் என்றால் உங்கள் பெயரில் தனியாக ஒதுக்கி, கட்டியின் வரிசை எண்ணோடு சான்று தருகிறார்களா என்று பாருங்கள். பொதுக் கணக்கில் இத்தனை அவுன்ஸ் வரவு என்று மட்டும் காட்டினால் நீங்கள் வைத்திருப்பது வெறும் வாக்குறுதி.

வெள்ளி கறுக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு மேலே வெள்ளி சல்பைடு படிகிறது. ரப்பர், கம்பளி, சில வகை அட்டைகள் இதை வேகப்படுத்தும். பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் இன்னும் மோசம், பச்சைப் பிசினாக ஒட்டிக் கெடுத்துவிடும். காற்றுப் புகாத குழாயில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். கறுத்துவிட்டால் நாணயத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்த நாணயத்துக்கு விலை குறைப்பார்கள், கறுத்ததற்குப் பெரும்பாலும் அவ்வளவு குறைக்க மாட்டார்கள். வெள்ளை வெள்ளையாகச் சில நாணயங்களில் வரும் பால்புள்ளிகள் அச்சடிக்கும் கட்டத்திலேயே உண்டாகும் கோளாறு. மேப்பிளில் இதைக் குறைக்க 2018-இல் ஒரு தொழில்நுட்பம் கொண்டுவந்தார்கள். உலோக மதிப்புக்கு அதனால் பாதிப்பு இல்லை.

எந்த வடிவத்தில் வாங்கினாலும் வெள்ளியின் குணம் மாறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரைத் தொடும் தூரத்துக்குப் போனது. வெள்ளியை வாங்கிக் குவித்த அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்களின் பிடி உடைந்து, அதே ஆண்டு மார்ச் 27-இல் 11 டாலருக்கும் கீழே முடிந்தது. 2011 ஏப்ரலில்தான் திரும்ப அந்த உயரத்துக்கு அருகில் வந்தது, வந்த வேகத்தில் இறங்கவும் இறங்கியது. அவசரத்துக்கு எடுக்கவேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள். 2020 மார்ச்சில் வேறொன்று நடந்தது. ஸ்பாட் விலை 12 டாலருக்கும் கீழே விழுந்தபோது கடைகளில் நாணயம் மலிவாகக் கிடைக்கவில்லை. சரக்கு தீர்ந்து பிரீமியம் பல மடங்கானது. அந்த வாரங்களில் அரசு நாணயம் வைத்திருந்தவருக்கு ஸ்பாட் விலைக்கு மேலே நல்ல விலை கிடைத்தது, பெரிய கட்டி வைத்திருந்தவருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. பிரீமியம் கூடுதல் என்று தெரிந்தும் கையிருப்பின் அடித்தளத்தை நாணயத்தில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, விற்கும் விலையோடு திரும்ப எடுக்கும் விலையையும் அன்றாடம் வெளியிடுகிற கடையாகப் பாருங்கள். வெளியிடவில்லை என்றால், பணம் கொடுக்கும் முன் "இதே நாணயத்தை இன்றே திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். ரசீதில் தேதி, எடை, தரம், ஆலையின் பெயர், கட்டி என்றால் வரிசை எண் எல்லாம் இருக்கட்டும். ரசீதுகளை வெள்ளியோடு ஒரே இடத்தில் வைக்காமல் தனியாக வையுங்கள். எங்கே என்ன இருக்கிறது என்பது உங்களைத் தவிர வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.